புறா சொல்தாவின் நைனா

குருவிநத்தத்துச் சாமிநாதன் விடிகாலையில் எதிரே வந்தால் ஊர்க்காரர்கள் தும்மலை அடக்கிக்கொள்வார்கள். ஒரு தும்மல் போதும், மனுசன் ஏர் மாடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். பூனை குறுக்கே போனால் அதற்கு ஒரு கணக்கு, விறகுக்கட்டு எதிரே வந்தால் அதற்கு ஒரு கணக்கு. நாற்றுவிட்ட வயல் பக்கம் நின்றுகொண்டு யாராவது சாவுச் சேதி சொல்ல வாயெடுத்தால், கையில் மண்வெட்டியோடு ஒரு பார்வை பார்ப்பார். வந்தவன் சேதியைப் பாதியில் விழுங்கிக்கொண்டு போய்விடுவான். இத்தனை சகுனம் பார்த்தும் அவருக்கும் விசாலாட்சிக்கும் பிறந்து தங்கியது ஒரே பிள்ளை. அவன் பெயர் சிங்காரவேலு.

பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ராச்சியம், இந்தப் பக்கம் பிராஞ்சுக்காரன் ராச்சியம். இந்தக் கரையில் மூன்று காணி நிலத்தில் கரும்பும் நெல்லும் வைத்துக்கொண்டு, இரண்டு ராச்சியத்தையும் சட்டை பண்ணாமல் வாழ்ந்தவர் சாமிநாதன். பிள்ளையைப் பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் பிராஞ்சு படிக்கவைத்தது மட்டும்தான் அவர் சர்க்காருக்குச் செய்த மரியாதை. அது வினையாகப் போயிற்று. பிராஞ்சு தேசத்தை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்ட சமயம் புதுச்சேரியில் சண்டைக்கு ஆள் எடுத்தார்கள். இருபது வயசுப் பையன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னான்.

அவன் கிளம்பிய காலையில் சாமிநாதன் வாசலில் நின்று தெருவை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பூனை, ஒரு விறகுக்கட்டு, ஒரு தும்மல், ஏதாவது வராதா என்று பார்த்தார். பிள்ளையை நிறுத்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது அவருக்கு. அன்றைக்கென்று பார்த்து நிறைகுடத்தோடு சுமங்கலிகள் வந்தார்கள், பசுவும் கன்றும் வந்தன. நல்ல சகுனத்தைப் பார்த்து மனுசன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை நொந்துபோனது அன்றைக்குத்தான்.

சண்டை முடிந்து, நாற்பத்தாறில் சிங்காரவேலு முழுசாகத் திரும்பி வந்தான். புதுச்சேரிப் பக்கம் சிப்பாயைச் சொல்தா என்பார்கள். ஊரில் அவன் ஒருவன்தான் சொல்தா. அதுவும் தரையில் நடந்த சொல்தா இல்லை, குண்டு போடும் விமானத்தில் பின்பக்கத் துப்பாக்கியைப் பிடித்தவன். விடுவார்களா? மார்கழியில் கரும்பு வெட்டி ஆலைக்கொட்டகையில் வெல்லம் காய்ச்சத் தொடங்கியதும், கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவன் வாயைப் பிடுங்கினார்கள்.

அவனும் சளைக்காமல் சொன்னான். மேலே போனால் மூக்குத் தண்ணீர் உறைந்துபோகும் குளிர், அதற்காகச் சட்டைக்குள்ளேயே கரண்டுக் கம்பி வைத்துத் தைத்திருப்பார்கள் என்றான். ஒரு விமானத்தில் நாலு பேர். ஓட்டுகிறவர் ஒருவர், வழி சொல்கிறவர் ஒருவர், கம்பியில்லாத் தந்தி பார்க்கிறவர் ஒருவர், இவன் ஒருவன்.

“எல்லாரும் போற எடத்தப் பாத்துக்கினு போவாங்க. நான் மட்டும் வந்த வழியப் பாத்துக்கினு பின்னாடி மூஞ்ச வெச்சிக் குந்தியிருப்பேன்” என்று உட்கார்ந்தும் காட்டினான்.

பிறகு புறாவைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொரு விமானத்திலும் பெட்டிக்குள் ஒரு புறா வைத்திருப்பார்கள். அதற்குத் தீனி போடுவது இவன் வேலை.

சாமிநாதனோடு ஏற்றம் இறைக்கிற ஏகநாதன் வெல்லப்பாகு நக்கிக்கொண்டிருந்தவன், விரலை எடுத்தான். “பறக்கறதுக்குள்ள இன்னொரு பறக்கறதா? அப்ப கப்பல்ல மீனு வளத்தாங்களாடா?”

கொட்டகையே சிரித்தது. சிங்காரவேலுவும் சிரித்தான். அன்றையிலிருந்து அவன் பெயர் புறா சொல்தா. சாமிநாதன் அடுப்புக்குச் சருகு தள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. ஐந்து வருசம் இவன் எந்தச் சீமையில் என்ன பாடுபடுகிறானோ என்று நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு, பிள்ளை திரும்பி வந்து ஊர் சிரிக்கக் கதை சொல்கிறானே என்று பொறுக்கவில்லை. அதற்கப்புறம் விமானம் என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

சண்டை வந்தது அதற்காக இல்லை. சோற்றுக்காக வந்தது.

சிங்காரவேலு இலையில் உட்கார்ந்தால், முதல் கவளத்தை வாயில் வைப்பதற்கு முன்னால் மூன்று கைப்பிடி சோற்றை எடுத்து இலை ஓரத்தில் தனித்தனியாக வைப்பான். சாப்பிட்டு எழுந்ததும் அதைக் கொண்டுபோய்க் கொல்லைச் சுவர்மேல் காக்கைக்குப் போட்டுவிடுவான். அவன் வந்த மறுநாளே விசாலாட்சி கண்டுகொண்டாள், வாய் திறக்கவில்லை. சாமிநாதன் எப்போதும் தனியாகச் சாப்பிடுகிறவர். பொங்கலன்று சேர்ந்து உட்கார்ந்தபோதுதான் அவர் கண்ணில் பட்டது.

“இன்னாடா அது?”

“எங்கூடப் பறந்து செத்த மூணு பேருக்கு, நைனா.”

சாமிநாதனுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து நின்றது. செத்தவர்களுக்குச் சோறு வைப்பதும் எள்ளும் தண்ணீரும் விடுவதும் தகப்பனைப் பறிகொடுத்தவன் செய்கிற காரியம். தகப்பன் கல்லுப்போல எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை அதைச் செய்தால், சீக்கிரம் போய்ச் சேர் என்று தகப்பனுக்குச் சொல்வதுபோல. தும்மலுக்கே மாட்டைத் திருப்புகிற மனுசன், பொங்கல் நாளில் தன் வீட்டு இலையில் இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

சிங்காரவேலுவும் எழுந்தான். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, “மாசி மகத்துக்கு மணப்பட்டுக் கடல்ல அவுங்களுக்குத் தண்ணி விடணும், நைனா” என்றான்.

“அப்பன் இருக்கறவன் எள்ளத் தொடக்கூடாது.”

“தெரியும்.”

“வெள்ளக்காரனுக்கு எதுக்குடா எள்ளு? அவுங்க ஜனம் பாத்துக்கும்.”

“மாதா கோயில்ல பூசை வெச்சிருப்பாங்க. வேணாங்கல. ஆனா தண்ணில தள்ளுனது நானு. நான்தான விடணும்?”

தள்ளினது என்றால் என்னவென்று சாமிநாதன் அப்போது கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிறவன் காதில் எது விழும்? “நான் செத்ததுக்கு அப்புறம் விட்டுக்க” என்றார்.

“நீ நூறு வருசம் இரு, நைனா. அதுவரைக்கும் அவுங்க காத்துக்கினு நிக்கணுமா?” என்றவன், இலையோரத்துச் சோற்றைக் கையில் அள்ளிக்கொண்டு, “சைகோன்ல பிராஞ்சுக்காரனுக்குச் சண்ட, மறுபடி ஆள் எடுக்கறாங்க. நான் போறேன். நடுக்கடல்ல கப்பல்லேருந்து விட்டுக்கறேன். உன் கண்ணுல படாது” என்றான்.

ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருந்தால்கூடச் சாமிநாதன் அசைந்திருக்க மாட்டார். பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது. ஒரு முறை கப்பல் திருப்பிக் கொடுத்தது, மறுமுறை கொடுக்குமா என்று யார் சொல்வது?

விசாலாட்சி பாத்திரம் துலக்கிக்கொண்டே தன் பங்குக்குச் சொன்னாள். “மாட்டுக்கு வயிறு உப்பினா மூணு ஊரு போயி காரணம் கேக்கறீங்க. புள்ளைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

சாமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அப்பனும் பிள்ளையும் மடை திருப்பிக்கொண்டிருந்தார்கள். சாமிநாதன் மண்வெட்டியை வரப்பில் குத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“யாருடா அந்த மூணு பேரு? சொல்லு.”

சிங்காரவேலு சேற்றுக் காலோடு எதிர் வரப்பில் உட்கார்ந்தான். ஆலைக்கொட்டகையில் சொன்ன மாதிரி கைகால் ஆட்டிச் சொல்லவில்லை. நெல் விலை சொல்கிறவன்போலச் சொன்னான்.

ஓட்டுகிறவர் பெயர் எமீல், திராட்சைத் தோட்டக்காரர் பிள்ளை. மழை வந்தால் விமானத்துக்குள் இருந்துகொண்டே, “எங்கப்பன் இந்நேரம் வானத்தைத் திட்டிக்கினு இருப்பான்” என்பாராம். தந்தி பார்க்கிறவர் லூசியேன், ரொட்டிக் கடைக்காரர் பிள்ளை, வாய் ஓயாமல் பாடுகிறவர். வழி சொல்கிற கஸ்தோன் வாத்தியாராக இருந்தவர், கணக்கில் புலி. நாலு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே கொட்டகையில் படுக்கை, ஒரே தட்டில் சாப்பாடு. விடுமுறைக்கு மற்றவர்கள் ஊர் சுற்றப் போனாலும் இவர்கள் மூவரும் சிங்காரவேலுவை விட்டுவிட்டு ஓர் அடி எடுத்துவைத்ததில்லை.

நாற்பத்துமூன்றில் ஒரு நாள் எதிரியின் மின்சார நிலையத்தில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது கரையிலிருந்து சுட்டார்கள். ஒரு இஞ்சின் போயிற்று, தந்திப் பெட்டியும் போயிற்று. கடலுக்கு மேல் பாதி வழியில் அடுத்த இஞ்சினும் நின்றது.

“எமீலு நெனச்சிருந்தா மேலயே குடைய விரிச்சிக் குதிச்சிருக்கலாம், நைனா. நாங்க குந்தியிருந்த எடத்துலேருந்து வெளிய வர்றதுக்குள்ள வண்டி கீழ வந்துடும். அவரு எந்திரிக்கல. நாத்துமுடிய வயல்ல வெக்கற மாதிரி அத்தனப் பெரிய வண்டியத் தண்ணி மேல வெச்சாரு. நாங்க மூணு பேரு பொழச்சோம். அவரு ஒக்காந்த பக்கம்தான் மொதல்ல ஒடஞ்சிது.”

சாமிநாதன் வரப்பு மண்ணைக் கிள்ளி விரலால் நொறுக்கினார்.

சிங்காரவேலு ரப்பர் படகை ஊதிவிட்டு, கால் நசுங்கிப்போன கஸ்தோனை அதில் இழுத்துப் போட்டான். லூசியேன் இறக்கைமேல் நின்றுகொண்டிருந்தார். குதித்தால் படகு. ஆனால் தந்தி இல்லை, இவர்கள் விழுந்த இடம் யாருக்கும் தெரியாது. “புறா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முழுகிக்கொண்டிருந்த விமானத்துக்குள்ளேயே திரும்பப் போனார். கொஞ்ச நேரத்தில் மேல் ஓட்டை வழியாகப் பெட்டி வெளியே வந்தது. பெட்டியைப் பிடித்திருந்த கை தெரிந்தது. சிங்காரவேலு எட்டி வாங்கிக்கொண்டான். வாங்கின கையோடு விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

“கைய மட்டுந்தான் பாத்தேன்” என்றான்.

மடை உடைந்து பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

புறாவின் காலில் ஒரு சின்னக் குழாய், அதற்குள் ஒரு தாள். தாளில் இடத்தைக் குறிக்க வேண்டும். நடுக்கடலில் என்ன இடம்? கஸ்தோன் கண்ணை மூடிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, புறப்பட்ட நேரத்திலிருந்து காற்றையும் வேகத்தையும் மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்து எண்களைச் சொன்னார். சிங்காரவேலு எழுதினான். தப்பாக எழுதிவிட்டானோ என்று திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் அவர் பேசவில்லை. இருட்டில் புறா பறக்காது, சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்து விடிந்ததும் விட்டான். அதற்கு முன்னாலேயே கஸ்தோன் உயிர் பிரிந்துவிட்டது.

“படகு ஒரு பக்கம் கிழிஞ்சிருந்துச்சி. ரெண்டு பேர் பாரம் தாங்கல. மத்தியானம் வரைக்கும் மடியிலயே வெச்சிக்கினு இருந்தேன். அப்புறம் தோள வுட்டேன், நைனா. போயிட்டாரு. வாயில ஒரு பொட்டு நல்ல தண்ணி ஊத்தல. ஒரு புடி மண்ணு போடல. சாயங்காலம் படகு வந்து என்னத் தூக்கிக்கினு போச்சி.”

“புறா?”

“கூட்டுக்குப் போயி சேந்துச்சி. அதனாலதான வந்தாங்க.”

சாமிநாதன் எழுந்து, உடைந்த மடையை அடைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அடைத்தார். இரண்டு கூடை மண்ணுக்கு இருக்கிற வேலை, இருபது கூடைக்கு இழுத்தது. திரும்பியபோது, “அந்தப் பேருங்கள இன்னொரு தரம் சொல்லு” என்றார்.

மறுநாளிலிருந்து ஏகநாதனுக்குத் தலை சுற்றியது. ஏற்றம் இறைக்கும்போது எத்தனை சால் தண்ணீர் என்று பாட்டாகவே எண்ணுவது வழக்கம். மேலே துலாவில் ஏகநாதன் முன்னும் பின்னும் நடப்பான், கீழே சால் வாளியைக் கவிழ்த்தபடி சாமிநாதன் எண்ணிக்கைப் பாட்டை எடுப்பார். இப்போது பாட்டில் எண்ணிக்கையே இல்லை. ஒரு சாலுக்கு எமீலு, மறு சாலுக்கு லூசியன், அடுத்ததற்குக் கஸ்தோனு. திரும்பவும் எமீலு.

“அண்ணே, இது இன்னா பாட்டு? எத்தன சாலு ஆச்சின்னே தெரியல.”

“தெரியலன்னா எறைச்சிக்கினே இரு” என்றார் சாமிநாதன்.

இந்த மனுசனை எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால் இதனால்தான். ஐம்பது வயசுக்கு மேல் நாக்கு வளையாது. லூசியேன் என்பது அவர் வாயில் கடைசிவரை லூசியனாகவே இருந்தது. ஆனாலும் கூப்பிட வேண்டிய பெயரைத் தடுமாறிக் கூப்பிடக்கூடாது என்று, கால் ஓய்ந்துபோன ஏகநாதன் கெஞ்சினாலும் விடாமல், தினமும் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

சிங்காரவேலுவுக்கு இது எதுவும் தெரியாது. சைகோனுக்குப் பெயர் கொடுக்கப் புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னவனை, “மாசி மகத்துக்கு வண்டியோட்ட ஆள் இல்ல. அது முடிஞ்சி போ” என்று நிறுத்திவைத்திருந்தார்.

மாசி மகத்தன்று மணப்பட்டுக் கரையில் மணலே தெரியவில்லை. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலோரம் வந்து இறங்கியிருந்தன. மீன்காரர்கள் படகுகளை மேலே ஏற்றிவிட்டு, சாமிகளுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பொரியும் கரும்பும் வளையலும், ஒரு பக்கம் தண்ணீரோரமாக வரிசையாகக் குந்தியபடி தர்ப்பணம் செய்கிறவர்கள். பாகூரிலிருந்து வந்த பஞ்சாங்க ஐயர் அவர்களுக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சாமிநாதன் தன் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் வருசா வருசம் அவரிடம்தான் செய்வார். அன்றைக்கும் செய்தார். முடிந்தது என்று ஐயர் எழப் போனார்.

“இன்னும் மூணு பேரு இருக்காங்க, சாமி” என்றார் சாமிநாதன்.

“சொல்லுங்கோ. பேர்?”

“எமீலு. லூசியன். கஸ்தோனு.”

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அக்கம்பக்கத்தில் குந்தியிருந்த குருவிநத்தத்துக்காரர்கள் திரும்பினார்கள். ஏகநாதன் வாய் தானாகத் திறந்துகொண்டது. கொஞ்சம் தள்ளி மாட்டைப் பிடித்தபடி நின்ற சிங்காரவேலு, கயிற்றை விட்டுவிட்டான்.

“இது என்ன பேரய்யா? உமக்கு என்ன முறை வேணும் இவா?”

“புள்ளைங்க.”

“உமக்கு ஒரே பிள்ளைதானே? இதோ நிக்கிறானே.”

“அவன் நாலாவது” என்றார் சாமிநாதன். “மூணு பேரு முன்னாடி போயிட்டாங்க. கல்யாணம் காட்சி இல்லாத பசங்க, விடறதுக்கு வேற ஆள் இல்ல. அப்பன் விடலாமில்ல?”

“விடலாம்” என்றார் ஐயர், மெதுவாக.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. உயிரோடு இருக்கிற ஒற்றைப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பிள்ளைகளுக்கு என்று சொல்லி எள்ளைக் கையில் எடுப்பதா? இதைவிட அபசகுனம் வேறு வேண்டுமா? அதுவும் யார்? தும்மினால் திரும்புகிற சாமிநாதனா? அவருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஊரில் எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு முறை சிங்காரவேலுவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எள்ளுக்குக் கையை நீட்டினார்.

“தாயார் பேர்?” என்று கேட்டார் ஐயர்.

சாமிநாதன் வாய் திறப்பதற்குள், பின்னால் நின்ற விசாலாட்சி, “விசாலாட்சி” என்றாள்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று மூன்று பெயரையும் சொன்னார். ஏற்றத்தடியில் பழகிய நாக்கு ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று முறை எள்ளும் தண்ணீரும் கை வழியாகக் கடலில் இறங்கியது. ஐயர் முடித்துவிட்டார். சாமிநாதன் கரையேறவில்லை. சொம்பில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அதைக் கடலில் சாய்த்து, மந்திரத்தில் இல்லாததைத் தன் வாயால் சொன்னார்.

“நல்ல தண்ணிடா. எங்க ஊருத் தண்ணி. எம் புள்ளையக் கரைக்கு அனுப்பி வெச்சீங்க. குடிங்க.”

சிங்காரவேலு இடுப்புவரை நனைந்து அவர் பக்கத்தில் நின்றான். எள்ளைத் தொடவில்லை, தண்ணீரைத் தொடவில்லை. அப்பனுடைய தோளை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதான். சண்டையிலிருந்து வந்த பிறகு அவன் அழுது யாரும் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் வண்டியை அவன்தான் ஓட்டினான். சைகோன் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அப்புறமும் எடுக்கவில்லை. பின்னால் நடந்து வந்த ஏகநாதன், புறா எப்படிக் கூட்டைக் கண்டுபிடிக்கும் என்று மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுப் போனான். விசாலாட்சி மடியில் இருந்த பொரியை எடுத்துக் கொறித்துக்கொண்டு வந்தாள்.

சாமிநாதன் மட்டும் ஏதோ யோசனையாகவே இருந்தார். பாகூர் ஏரிக்கரை ஏறும்போது கேட்டார்.

“அந்த எமீலோட அப்பன் இருக்காரா?”

“இருக்காரு, நைனா. சண்ட முடிஞ்சி போயிப் பாத்துட்டு வந்தேன். தோட்டத்துலதான் இருந்தாரு.”

சாமிநாதன் ஈர வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

“அந்தாளு உசுரோட இருக்கறப்ப, அவரு புள்ளைய எம் புள்ளன்னு சொல்லிட்டேனே. கோச்சிக்குவாரா?”

“மாட்டாரு, நைனா” என்றான் சிங்காரவேலு.